இரண்டு நகரங்களுக்கு நடுவே எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் எவ்வளவு தூரம் என்று தேடிப் பாருங்கள். ஓரிடத்தில் 5,570 கி.மீ. என்று இருக்கும். இன்னோரிடத்தில் 5,550. மூன்றாவது ஒன்று 3,460 மைல் என்று சொல்லும். விமானியைக் கேட்டால் ஏறத்தாழ 3,000 மைல் என்பார். நேரத்துக்கு வந்தால் குழப்பம் இன்னும் கூடும். லண்டனிலிருந்து போக 8 மணி நேரம், திரும்பி வர 7 மணி நேரம் என்பார்கள். பயணச்சீட்டை எடுத்துப் பார்த்தாலோ, போவதற்கு 3 மணி நேரமும் வருவதற்கு 12 மணி நேரமும் ஆவதுபோலத் தெரியும்.

இவற்றில் எதுவும் தப்பு இல்லை. ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்குச் சொல்லப்பட்ட பதில். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று பிரித்துக்கொள்ளத் தெரிந்துவிட்டால், உலகின் எந்த இரண்டு நகரங்களுக்கும் ஒரு தாளும் கால்குலேட்டரும் வைத்துக்கொண்டு ஓரளவு சரியான விடையை நாமே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் தூரம்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எரடோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் எகிப்தில் இருந்தார். கோடையில் ஒரு குறிப்பிட்ட நாளின் உச்சி வேளையில் சயீன் நகரத்தில் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கும். அதே நேரத்தில் வடக்கே அலெக்சாந்திரியாவில் சற்றுச் சாய்ந்து நிற்கும். அந்தச் சாய்வு முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. இரண்டு ஊர்களுக்கும் நடுவே 5,000 ஸ்டேடியா (பழைய கிரேக்க நீள அளவு) என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஐம்பதால் பெருக்கினார், பூமியின் சுற்றளவு கிடைத்துவிட்டது. இரண்டு ஊர்களின் தூரத்தை வைத்து அவர் பூமியை அளந்தார். நாம் இன்று அதே கணக்கைத் தலைகீழாகப் போடுகிறோம். பூமியின் அளவு நமக்குத் தெரியும், அதிலிருந்து ஊர்களின் தூரத்தை எடுக்கிறோம்.

பூமியை வடக்கு தெற்காகச் சுற்றி வந்தால் ஏறத்தாழ 40,000 கி.மீ. அதை 360 பாகையால் வகுத்தால் ஒரு பாகைக்கு 111 கி.மீ. சொச்சம். நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரே எண் இந்த 111தான்.

கெய்ரோவையும் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில், ஒன்றுக்கு நேர் மேலே மற்றொன்றாக இருக்கின்றன. கெய்ரோவின் அட்சரேகை 30 பாகை வடக்கு, பீட்டர்ஸ்பர்க் 60 பாகைக்கு ஒரு மயிரிழை குறைவு. வித்தியாசம் 29.9 பாகை. 111ஆல் பெருக்குங்கள்: சுமார் 3,320 கி.மீ. வந்துவிட்டது விடை.

விமானி சொன்ன 3,000 மைல் எங்கிருந்து வந்தது என்பதும் இதே இடத்தில்தான் புரியும். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு கலை. பூமியின் மேல் ஒரு கலை நீளம்தான் ஒரு கடல் மைல். 1929இல் மொனாக்கோவில் கூடிய மாநாடு அதைச் சரியாக 1,852 மீட்டர் என்று வரையறுத்தது. தரையில் நாம் சொல்லும் மைல் 1,609 மீட்டர்தான். கப்பலும் விமானமும் கடல் மைலை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் பழம்பெருமை அல்ல, வசதி. வரைபடத்தில் பாகையை எண்ணினாலே போதும், தூரம் கைக்கு வந்துவிடும். மணிக்கு ஒரு கடல் மைல் போகும் வேகத்துக்கு ஒரு நாட் என்று பெயர்.

நூலும் உருண்டையும்

எல்லா நகரங்களும் கெய்ரோவும் பீட்டர்ஸ்பர்க்கும் போல ஒரே கோட்டில் நிற்பதில்லை. மேற்கு கிழக்காகத் தள்ளியிருக்கும் ஊர்களுக்கு என்ன செய்வது? சுவரில் தொங்கும் தட்டையான உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அங்கேதான் வழுக்கும்.

பலர் மனதில் பதிந்திருக்கும் வரைபடம் 1569இல் மெர்கேட்டர் வரைந்த முறையில் அமைந்தது. அவர் அதைக் கடலோடிகளுக்காக வரைந்தார். ஒரே திசைகாட்டி முனையைப் பிடித்துக்கொண்டு போகும் கப்பலின் பாதை அதில் நேர்கோடாக விழும். அந்த வசதிக்குக் கொடுத்த விலை, துருவங்களை நோக்கிப் போகப் போக எல்லாம் உப்பிப் பெருத்துவிடும். அதில் நேராகத் தெரிவது உருண்டையின் மேல் குறுக்குவழி அல்ல. உண்மையான குறுக்குவழி அதில் வளைந்து தெரியும். இருக்கைத் திரையில் விமானம் வில்போல வளைந்து போவதைப் பார்த்து, ஏன் இப்படிச் சுற்றுகிறான் என்று எரிச்சல்படுபவர்கள் உண்டு. சுற்றவில்லை. திரைதான் தட்டை.

சந்தேகம் இருந்தால் ஒரு பூகோள உருண்டையும் ஒரு நூலும் போதும். இரண்டு ஊர்களின் மேலும் நூலின் முனைகளை வைத்து இழுத்து இறுக்குங்கள். நூல் தானாகவே மிகக் குறைந்த தூரத்தில் போய் உட்காரும். அந்த நூலை அப்படியே நீட்டி உருண்டையைச் சுற்றிக் கொண்டுவந்தால் பூமியைச் சரிபாதியாக வெட்டும் வட்டம் கிடைக்கும். அதற்குப் பெருவட்டம் என்று பெயர். நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம். தீர்க்கரேகைகள் எல்லாம் பெருவட்டத்தின் பாதிகள். ஆனால் நிலநடுக்கோட்டைத் தவிர்த்த மற்ற அட்சரேகைகள் பெருவட்டம் அல்ல. அதனால்தான் ஒரே அட்சரேகையில் இருக்கும் இரண்டு ஊர்களுக்குக்கூட அந்த ரேகையைப் பிடித்துக்கொண்டே போவது நீண்ட வழி.

எவ்வளவு நீளம் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். 60 பாகை வடக்கில், உருண்டையின் இந்தப் பக்கம் ஓர் ஊர், நேர் எதிர்ப்பக்கம் ஓர் ஊர். 60ஆவது அட்சரேகையின் சுற்றளவு நிலநடுக்கோட்டில் பாதி, அதாவது 20,000 கி.மீ. அதில் பாதியைச் சுற்ற 10,000 கி.மீ. வட துருவத்தின் மேலேறி மறுபக்கம் இறங்கினால் 30 பாகை ஏற்றம், 30 பாகை இறக்கம், மொத்தம் 60 பாகை. அறுபதை 111ஆல் பெருக்கினால் 6,660 கி.மீ. மூன்றில் ஒரு பங்கு தூரம் காணாமல் போய்விட்டது.

கற்பனையாக இல்லாமல் நிஜ ஊர்கள் வேண்டுமென்றால் சிட்னியும் சிலியின் தலைநகரம் சாண்டியாகோவும் இருக்கின்றன. இரண்டும் தெற்கு அட்சரேகை 34 பாகையை ஒட்டியே உள்ளன. நடுவில் முழுப் பசிபிக் பெருங்கடல். தீர்க்கரேகை வித்தியாசம் 138 பாகை. கால்குலேட்டர் பிடிப்பவர்களுக்காக இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், மற்றவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். தீர்க்கரேகை வித்தியாசத்தில் பாதி, 69 பாகை. அதன் சைன் 0.934. இரண்டு ஊர்களின் அட்சரேகைக்கு நடுவான 33.65 பாகையின் கொசைன் 0.832. இரண்டையும் பெருக்கினால் 0.777. எந்தக் கோணத்தின் சைன் 0.777 என்று தேடினால் 51 பாகை. அதை இரட்டித்தால் 102. பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் இந்த இரண்டு ஊர்களும் விலகி நிற்கும் கோணம் அது. துல்லியத்துக்காக 111.2ஆல் பெருக்குவோம்: 11,340 கி.மீ.

அட்சரேகையைப் பிடித்துக்கொண்டே போயிருந்தால் 12,770 கி.மீ. ஆகியிருக்கும். மிச்சம் 1,400 கி.மீ.க்கு மேல். இதற்காக அந்தப் பெருவட்டம் எங்கே போய்விட்டு வருகிறது தெரியுமா? நடுவழியில் 62 பாகை தெற்கு வரை, அண்டார்டிகாவின் வாசல் வரை இறங்கி ஏறுகிறது.

மேலே போட்ட கணக்கு இரண்டு ஊரும் ஒரே அட்சரேகையில் இருந்தால் மட்டும் செல்லும். பொதுவாக எந்த இரண்டு புள்ளிகளுக்கும் பொருந்தும் சூத்திரத்துக்கு ஹேவர்சைன் என்று பெயர். கடலோடிகள் அதை அட்டவணையாக வைத்திருந்தார்கள். இன்று தூரம் சொல்லும் இணையக் கருவிகள் பலவற்றுக்குள் ஓடுவதும் அதுதான். பூமியைச் சரியான கோளமாக அது எடுத்துக்கொள்ளும். பூமியோ துருவங்களில் லேசாக அமுங்கியது. நிலநடுக்கோட்டில் சுற்றளவு 40,075 கி.மீ., துருவங்கள் வழியே 40,008. அதையும் கணக்கில் சேர்க்கும் சூத்திரத்தை 1975இல் வின்சென்டி என்பவர் வெளியிட்டார். இரண்டுக்கும் வித்தியாசம் நூற்றுக்கு அரை பங்குக்கு மேல் வராது. லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்குக் கோளக் கணக்கில் 5,540, அமுங்கிய பூமிக் கணக்கில் 5,555. முதலில் பார்த்த 5,570 என்பது நகர மையத்திலிருந்து நகர மையம். அந்தச் சில்லறை வித்தியாசங்கள் இவ்வளவுதான்.

விமானம் 11 கி.மீ. உயரத்தில் பறக்கிறதே, அங்கே வட்டம் பெரிதாகிவிடாதா என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. பூமியின் ஆரம் 6,371 கி.மீ. அதோடு 11ஐக் கூட்டினால் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட ஏறாது. 5,500 கி.மீ. பயணத்தில் பத்துக் கிலோமீட்டர்.

சாலைத் தூரம் தனிக் கதை. வானத்தில் கோடு போட்டால் போதும், தரையில் ஆறும் மலையும் குறுக்கே நிற்கும். பியூனஸ் அயர்ஸும் மான்டிவிடியோவும் வானில் 200 கி.மீ. சொச்சம், நடுவே லா பிளாட்டா முகத்துவாரம் கிடப்பதால் சாலையில் 550 கி.மீ.க்கு மேல் சுற்ற வேண்டும். தேடும்போது வருவது எந்தத் தூரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவே.

கோடு வேறு, வழி வேறு

இதுவரை கண்டது பூமி கொடுத்த தூரம். அது மாறாது. விமானம் உண்மையில் பறக்கும் வழியோ மனிதர்களும் மலைகளும் சேர்ந்து கொடுப்பது.

கெய்ரோ–பீட்டர்ஸ்பர்க் கோட்டுக்கே திரும்பி வருவோம். 3,320 கி.மீ. என்று சுலபமாகப் பெருக்கிவிட்டோம். அந்தக் கோடு துருக்கியைத் தாண்டி, கருங்கடலைத் தாண்டி, ஏறக்குறைய கீவ் நகரத்தின் மேலேயே போகிறது. 2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைனின் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. கோடு அங்கேயேதான் இருக்கிறது. அதன்மேல் பறக்க முடியாது.

இதே காரணத்தால் பெரிய அடி வாங்கிய வழி ஹெல்சின்கி–டோக்கியோ. பெருவட்டத் தூரம் சுமார் 7,800 கி.மீ.; அதில் பெரும்பகுதி ரஷ்யாவின் மேல். ஒன்பதரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். ரஷ்ய வான்வெளி அடைபட்டதும் வட துருவத்தைத் தொட்டுக்கொண்டு ஒரு வழி, தெற்கே மத்திய ஆசியா வழியாக இன்னொரு வழி என்று ஃபின்னிஷ் விமான நிறுவனம் மாறியது. பயணம் 13 மணி நேரத்தைத் தொட்டது. நகரங்கள் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

இது புதிதும் அல்ல. பனிப்போர்க் காலத்தில் சோவியத் வான்வெளி மேற்கத்திய நிறுவனங்கள் பெரும்பாலானவற்றுக்கு மூடியே கிடந்தது. 1957இல் ஸ்காண்டிநேவிய நிறுவனம் ஒன்று கோபன்ஹேகனிலிருந்து துருவப் பகுதியைக் கடந்து அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு டோக்கியோ போகும் சேவையைத் தொடங்கியது. ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்குப் போனவர்கள் பல பத்தாண்டுகள் ஆங்கரேஜ் விமான நிலையத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

மலை தடுக்கும் இடமும் உண்டு. திபெத் பீடபூமியின் மேல் விமானங்கள் குறைவாகவே பறக்கின்றன. உயரம் எட்டாது என்பதால் அல்ல. விமானம் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் உயரத்தில் பறக்கும். உள்ளே காற்றழுத்தம் திடீரென்று குறைந்துவிட்டால் விமானம் 3,000 மீட்டருக்கு இறங்க வேண்டும், பயணிகளின் ஆக்சிஜன் முகமூடி நிமிடக் கணக்கில்தான் தாங்கும். திபெத்தில் தரையே சராசரியாக 4,500 மீட்டர். இறங்க இடம் கிடையாது.

கடலிலும் இப்படி ஒரு கட்டுப்பாடு இருந்தது. இரண்டே எஞ்சின் உள்ள விமானம், ஒன்று நின்றுபோனாலும் மற்றதை வைத்து 60 நிமிடத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை எட்டும்படியாகவே பறக்க வேண்டும் என்பது பழைய விதி. அதனால் பெருங்கடல்களைக் கடக்கும்போது கரையை ஒட்டி வளைந்தார்கள், அல்லது நான்கு எஞ்சின் விமானம் வாங்கினார்கள். 1985இல் அது 120 நிமிடமாக நீண்டது. இன்று ஏர்பஸ் ஏ350 விமானத்துக்கு 370 நிமிடம் வரை அனுமதி உண்டு. தென் பசிபிக்கில் இரட்டை எஞ்சின் விமானங்கள் பெருவட்டத்தை ஒட்டிப் பறக்க முடிவது இதனால்தான்.

காற்று என்ன செய்கிறது

சரி, வழி தெரிந்துவிட்டது. வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடும் அல்லவா? வரும், ஆனால் எந்த வேகம்?

ஜெட் விமானத்தின் வேகத்தை ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள். 11 கி.மீ. உயரத்துக் குளிரில் ஒலி மணிக்கு 1,060 கி.மீ. போகும். சிறிய ஏ320, போயிங் 737 விமானங்கள் அதில் 0.78 பங்கில், அதாவது மணிக்கு சுமார் 830 கி.மீ.யில் பறக்கும். பெரிய 787, ஏ350 விமானங்கள் 0.85 பங்கில், சுமார் 900 கி.மீ. ஒலியை நெருங்க நெருங்கக் காற்றின் எதிர்ப்பு திடீரென்று எகிறும், எரிபொருள் கொட்டும். ஆகவே 1960களின் ஜெட் விமானங்களைவிட இன்றைய விமானங்கள் வேகமாகப் பறப்பதில்லை. எல்லாத் துறையிலும் வேகம் கூடிக்கொண்டே போகும் காலத்தில் இது ஒன்று மட்டும் அறுபது வருடமாக அசையாமல் நிற்கிறது. மீறிப் போனது கான்கார்ட். ஒலியைப்போல இரண்டு மடங்கு வேகம். 1996 பிப்ரவரி 7 அன்று அது நியூயார்க்கிலிருந்து லண்டனை 2 மணி 52 நிமிடம் 59 விநாடியில் எட்டியது. 2003இல் அது ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை.

மணிக்கு 900 என்பது காற்றைப் பொறுத்த வேகம். அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருந்தால்? ஆற்றில் படகு விடுபவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீரோட்டத்தோடு போனால் கரை வேகமாக ஓடும், எதிர்த்துப் போனால் ஊரும்.

வானத்தில் அந்த ஆறு ஜெட் ஸ்ட்ரீம். தரையிலிருந்து 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், வட, தென் கோளங்கள் இரண்டிலும் மேற்கிலிருந்து கிழக்காக நெளிந்து நெளிந்து ஓடும் காற்றோடை. மணிக்கு 150, 200 கி.மீ. சர்வ சாதாரணம், குளிர்காலத்தில் 300ஐத் தாண்டவும் செய்யும். 1920களில் ஜப்பானில் வசபுரோ ஓயிஷி என்ற வானிலை ஆய்வாளர் பலூன்களைப் பறக்கவிட்டு இதைக் கண்டறிந்தார். கண்டறிந்ததை உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் எழுதினார். யாரும் படிக்கவில்லை.

லண்டனிலிருந்து நியூயார்க் மேற்கே இருக்கிறது. போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. 8 மணிக்கும் 7 மணிக்கும் இதுவே காரணம். சிட்னிக்கும் பெர்த்துக்கும் இதே கதை: 3,280 கி.மீ. தூரத்துக்கு மேற்கே போக ஏறத்தாழ 5 மணி, கிழக்கே வர 4 மணி சொச்சம். வடக்கு தெற்காகப் பறக்கும் வழிகளில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

போகும்போது இழந்ததை வரும்போது பிடித்துவிடலாமே, மொத்தத்தில் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. 5,400 கி.மீ. தூரம், 900 கி.மீ. வேகம் என்று வையுங்கள். காற்றே இல்லாவிட்டால் போக 6, வர 6, மொத்தம் 12 மணி. இப்போது 150 கி.மீ. காற்று வீசட்டும். எதிர்த்துப் போகும்போது வேகம் 750, நேரம் 7 மணி 12 நிமிடம். திரும்பும்போது 1,050, நேரம் 5 மணி 9 நிமிடம். கூட்டினால் 12 மணி 21 நிமிடம். எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொண்டிருக்கிறோம், பின்காற்றைக் குறைந்த நேரமே அனுபவிக்கிறோம். காற்று எப்போதும் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் விடும்.

2020 பிப்ரவரியில் சியாரா புயல் அட்லாண்டிக்கில் வீசியபோது பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்துவிட்டது. தரையைப் பொறுத்த வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஒலியின் வேகத்தை மீறிவிட்டது என்று சிலர் எழுதினார்கள். இல்லை. சுற்றியிருந்த காற்றைப் பொறுத்தவரை அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது, காற்றுதான் அதைச் சுமந்துகொண்டு ஓடியது.

அட்லாண்டிக்கின் மேல் இதற்கென்றே நாள்தோறும் இரண்டு முறை பாதைகளைப் புதிதாக வரைகிறார்கள். கனடாவின் கேண்டர் விமானக் கட்டுப்பாட்டு மையம் கிழக்கே வருபவர்களுக்குக் காற்றோடைக்குள் பாதை போடும். அயர்லாந்து–பிரிட்டன் பக்கத்து ஷான்விக் மையம் மேற்கே போகிறவர்களுக்கு அதை விலக்கிப் பாதை போடும். அதனால் குறைந்த நேரத்தில் போகும் வழி, குறைந்த தூரமுள்ள வழியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நூறு கிலோமீட்டர் சுற்றினாலும் நல்ல காற்று கிடைத்தால் லாபம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் தட்டிவிட்டுப் போகிறேன். பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறதே, மேற்கே பறந்தால் ஊர் நம்மை நோக்கித் தானாக வந்துவிடாதா? நிலநடுக்கோட்டில் பூமி மணிக்கு 1,670 கி.மீ. சுழல்கிறது என்பது உண்மை. ஆனால் அதோடு சேர்ந்து காற்றும் சுழல்கிறது, விமானமும் சுழல்கிறது. ஓடும் ரயிலில் பந்தை மேலே எறிந்தால் அது பின்பெட்டிக்குப் போவதில்லை, கையில்தான் விழுகிறது. மேற்கே போவது தாமதமாவதற்கும் கிழக்கே போவது சீக்கிரமாவதற்கும் காரணம் காற்றோடை. அந்தக் காற்றோடையைக் கிழக்கே திருப்பிவிடுவதில் பூமியின் சுழற்சிக்குப் பங்கு உண்டு, அந்த அளவுக்குத்தான் சொந்தம்.

பறக்கும் நேரம் என்று எதைச் சொல்கிறார்கள்?

சீட்டில் புறப்படும் நேரம் என்று போட்டிருப்பது சக்கரம் தரையை விட்டு எழும் நேரம் அல்ல. விமானம் கேட்டை விட்டு நகரத் தொடங்கும் நேரம். வந்துசேரும் நேரம் என்பதும் ஓடுபாதையைத் தொடும் நேரமல்ல, மறுமுனையில் கேட்டில் வந்து நிற்கும் நேரம். நடுவில் உள்ள மொத்தத்துக்கு பிளாக் டைம் என்று பெயர். சக்கரத்துக்கு அடியில் வைக்கும் கட்டையை எடுப்பதிலிருந்து மறுபடி வைப்பது வரை என்று பொருள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்க இடம் கிடைக்காமல் வானத்தில் வட்டமடிப்பது எல்லாம் இதற்குள் அடக்கம். நிறுவனங்கள் இதில் கொஞ்சம் தாராளமாகவே நேரம் போட்டு வைக்கும். அப்போதுதான் சற்றுத் தாமதமாகக் கிளம்பினாலும் சரியான நேரத்துக்கு வந்ததாகக் கணக்குக் காட்டலாம். அரைமணி முன்னதாகவே வந்துவிட்டோம் என்று அறிவிப்பு வரும்போது விமானிக்குப் பாதி, அட்டவணை போட்டவருக்குப் பாதி என்று பாராட்டைப் பங்கு போட்டுக்கொடுக்கலாம்.

குறுகிய பயணங்களில் வேகம் கிட்டத்தட்டப் பொருளற்றுப் போகிறது. விமானம் மேலே ஏறி முடிப்பதற்குள்ளேயே 200 கி.மீ. போய்விடும். இறங்குவதற்கு விமானிகளிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல். 36,000 அடியிலிருந்து இறங்க 108 கடல் மைல், அதாவது 200 கி.மீ. முன்பே தொடங்க வேண்டும். ஆக 500 கி.மீ. பயணத்தில் முழு வேகத்தில் பறப்பது நூறு கிலோமீட்டர்தான். மாட்ரிட்டிலிருந்து பார்சிலோனாவுக்கு வான் தூரம் 500 கி.மீ. ஒட்டி, விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். அதிவேக ரயில் இரண்டரை மணியில் நகர மையத்திலிருந்து நகர மையத்தில் விடுகிறது. விமான நிலையம் போய்ச் சேருவது, வரிசை, சோதனை எல்லாம் கூட்டினால் விமானத்தின் பக்கம் வாதாட ஆள் கிடைப்பது கடினம்.

கைக்கணக்காகச் சொல்வதென்றால் இப்படிப் போடலாம்: தூரத்தை 800ஆல் வகுத்து அரை மணி கூட்டுங்கள். பத்தாயிரம் கிலோமீட்டரைத் தாண்டினால் 800க்குப் பதில் 850. ஹீத்ரோ–நியூயார்க்குக்கு 5,550ஐ 800ஆல் வகுத்தால் 6.9, அரை கூட்டினால் 7.4 மணி. போகவர நேரங்களின் சராசரி ஏழரை, சரியாக வந்து உட்கார்கிறது. பெர்த்–லண்டன் 14,500 கி.மீ.; 850ஆல் வகுத்து அரை சேர்த்தால் பதினேழரை மணி. அட்டவணையில் இருப்பதும் அதை ஒட்டியே. சிங்கப்பூர்–நியூயார்க் 15,350 கி.மீ.; கணக்கு பதினெட்டரை மணி சொல்கிறது, நிஜமும் அதன் பக்கத்தில்தான் நிற்கிறது. கிழக்கே போனால் சற்றுக் குறையுங்கள், மேற்கே போனால் சற்றுக் கூட்டுங்கள். குளிர்காலத்தில் இன்னும் கொஞ்சம்.

கடிகாரம் சொல்லும் பொய்

சீட்டில் 3 மணி, 12 மணி என்று தெரிந்த அந்த மாயம் கடைசியாக மிச்சம். சீட்டில் இருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி. காலை 11 மணிக்கு லண்டனில் கிளம்பி மதியம் 2 மணிக்கு நியூயார்க்கில் இறங்கினால் கடிகாரம் 3 மணி என்கிறது. நியூயார்க் 5 மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. அதைக் கூட்டினால் 8. திரும்பும்போது மாலை 6.30க்குக் கிளம்பி மறுநாள் காலை 6.30க்கு இறங்கினால் கடிகாரம் 12 என்கிறது. 5ஐக் கழித்தால் 7.

கூட்டுவதா கழிப்பதா என்று குழம்பாமல் இருக்க ஒரே வழி, இரண்டு நேரத்தையும் ஒரே ஊரின் நேரத்துக்கு மாற்றிவிட்டு அப்புறம் கழிப்பது. டோக்கியோ–லாஸ் ஏஞ்சலஸ் பயணத்துக்கு இந்த முறைதான் கைகொடுக்கும். கோடையில் டோக்கியோவில் மாலை 5 மணிக்குக் கிளம்பினால் அதே நாள் காலை 11 மணிக்கு லாஸ் ஏஞ்சலஸில் இறங்கலாம், கிளம்பியதற்கு ஆறு மணி நேரம் முன்னதாகவே. டோக்கியோ மாலை 5 என்றால் லாஸ் ஏஞ்சலஸில் அதே தேதியின் அதிகாலை 1 மணி. அங்கிருந்து காலை 11 வரை 10 மணி நேரம். பறந்தது அவ்வளவுதான். நடுவில் சர்வதேசத் தேதிக்கோட்டைத் தாண்டியதால் ஒரு நாள் திரும்பக் கிடைத்திருக்கிறது. திரும்பி வரும்போது அதை அப்படியே கொடுத்துவிட வேண்டும்.

வருடத்தில் சில வாரங்கள் இந்தக் கணக்கும் ஒரு மணி நேரம் தவறும். கோடை நேரத்துக்கு அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறு மாறுகிறது, பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறு. நடுவே லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் 4 மணி நேரம்தான் வித்தியாசம். இலையுதிர்காலத்திலும் ஒரு வாரம் இதேபோல. அந்த நாட்களில் பழைய 5ஐ வைத்துக் கணக்குப் போட்டால் விமானம் புதிதாக ஒரு மணி நேரம் மிச்சப்படுத்தியதுபோலவோ இழந்ததுபோலவோ தோன்றும்.

வழியில் நின்று போகும் பயணங்களுக்கு மேலே சொன்ன எல்லாவற்றையும் இரண்டு முறை போட்டு, நடுவில் காத்திருக்கும் நேரத்தைச் சேர்க்க வேண்டும். அப்படிப் போடும்போது ஒன்று புலப்படும்: நின்று போவதால் தூரம் அதிகம் கூடிவிடும் என்பது எப்போதும் உண்மையல்ல. லண்டன்–சிட்னி பெருவட்டத் தூரம் 17,000 கி.மீ. சிங்கப்பூர் அந்தப் பெருவட்டத்திலிருந்து நன்றாகவே விலகி இருந்தும், அங்கே இறங்கி ஏறினால் மொத்தம் 17,200 கி.மீ.தான். லாஸ் ஏஞ்சலஸ் வழியாகப் போனால் 20,800. 2019 நவம்பரில் குவாண்டாஸ் நிறுவனம் சோதனையாக லண்டனிலிருந்து சிட்னிக்கு எங்கும் நிற்காமல் ஒரு விமானத்தை ஓட்டியது. 19 மணி 19 நிமிடம் ஆனது. சிங்கப்பூரில் நின்று போகிறவர்களுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று மணி நேரம். அந்தக் கூடுதல் மூன்று சொச்சம் மணி நேரத்தில் கூடுதல் தூரத்தின் பங்கு கால் மணி நேரத்துக்குள்தான். மற்றதெல்லாம் இறங்கி, நின்று, மறுபடி ஏறியதற்கு.